பவளத்துக்குச் சாயம் போட்டது யார்?

"ஏனுங்க, சாயம் நிக்குமுங்களா?"

எடப்பாடி, தாரமங்கலம், இளம்பிள்ளைப் பக்கம் புடைவைக் கடைக்குள் நுழையும் பெண்கள், விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கும் கேள்வி இது. கேட்காமல் இருப்பார்களா? வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊர்கள்! நூலுக்கே சாயம் ஏற்றி நெய்தது எது, நெய்து முடித்த பிறகு மேலே அச்சடித்தது எது என்று முந்தானையைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

இதே கேள்வியைக் கழுத்தில் கிடக்கும் பவளத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன? சேலம் மாவட்டத்து நெசவாளர் குடும்பங்களில் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக உள்ளவர்கள் பலர். அவர்களில் பல வீடுகளில் தாலியோடு பவளமும் கருகமணியும் சேர்த்துக் கோப்பது வழக்கம். பாட்டி போட்டிருந்த பவளம் அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறது. அறுபது வருஷம் ஆனாலும் அதன் சிவப்புப் போவதில்லை. ஆனால் ராமேசுவரம் பக்கம் கடலுக்கடியில் பச்சையும் பழுப்பும் ஊதாவுமாக இருக்கிற பவளப்பாறை இருக்கிறதே, கடல் சூடானால் அதன் நிறம் சில வாரங்களிலேயே வெளுத்துப் போய்விடுகிறது!

இரண்டுக்கும் பெயர் பவளம்தான். ஒன்றின் நிறம் நிற்கிறது, மற்றதன் நிறம் ஓடிப்போகிறது. ஏன் இப்படி? நெசவாளர் பாஷையிலேயே சொல்லிவிடலாம். நகைப் பவளம் நூலிலேயே சாயம் ஏறியது. பாறைப் பவளத்தின் வர்ணமோ மேலே போர்த்திய துணியில் இருப்பது. துணி போனால் வர்ணமும் போச்சு!

கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

செடியா, கல்லா, பிராணியா?

பவளத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் கல். கடலில் இருக்கும்போது பார்த்தால் கிளை கிளையாகப் பிரிந்த செடி. அதனால் வெகுகாலம் அறிஞர்களே இதைச் செடி என்று நம்பினார்கள். 1706-ம் ஆண்டு மார்சிலி என்ற இத்தாலியர், சிவப்புப் பவளக் கிளையைக் கடல் நீரோடு பாத்திரத்தில் வைத்துக் கவனித்தார். சிறிது நேரத்தில் கிளை முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. "பவளம் பூக்கிறது, ஆகவே இது செடியேதான்" என்று அவர் முடிவு கட்டினார்.

1720-களில் பேசொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்தப் 'பூ'க்களைத் தொட்டுப் பார்த்தார். அவை வெடுக்கென்று உள்ளே சுருங்கிக்கொண்டன. பூ சுருங்குமா? இது பிராணி என்றார் அவர். பாரிஸில் இருந்த பெரிய விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று உலகம் ஒப்புக்கொள்ளப் பல வருஷங்கள் பிடித்தன.

பவளப் பூச்சி என்று நம் பள்ளிப் புத்தகங்களில் படித்திருப்போம். அது உண்மையில் பூச்சி இனம் இல்லை. சொறிமீனுக்கு உறவான சின்னஞ்சிறு கடல் பிராணி. உடம்பு ஒரு சிறு பை மாதிரி. மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி விரல் விரலாக உணர்கொம்புகள். அவ்வளவுதான். இவை ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. கடல் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்களுக்கு எலும்புக்கூடு கட்டிக்கொள்கின்றன. நாம் பவளம் என்று பார்க்கும் கல் இந்த எலும்புக்கூடுதான்.

ரசாயனம் படித்தவர்கள் அந்தக் கல்லைக் கால்சியம் கார்பனேட் என்பார்கள். எடப்பாடிக்குப் பக்கத்தில் சங்ககிரியில் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும், நாம் அடுப்படியில் உடைத்துப் போடும் முட்டை ஓடும் இதே சரக்குதான். சுத்தமான கால்சியம் கார்பனேட்டுக்குச் சொந்த நிறம் எதுவும் கிடையாது, வெறும் வெள்ளை. அப்படியானால் பவளத்துக்கு நிறம் எங்கிருந்து வந்தது?

மத்தியதரைக் கடல் தாண்டி வந்த சிவப்பு

முதலில் தாலிச் சரட்டுப் பவளத்தைப் பார்ப்போம். 'ராமேசுவரத்திலிருந்து வருவது' என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. மன்னார் வளைகுடா முத்துக்கும் சங்குக்கும் பேர் போனது. நகைக்கு ஆகும் செம்பவளம் தொன்றுதொட்டு வந்தது மத்தியதரைக் கடலிலிருந்து, அதாவது இத்தாலி, ஸ்பெயின், வட ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து. இன்றும் நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள டோரே டெல் கிரேகோ என்ற ஊர் பவள வேலைக்குப் பேர் பெற்றது.

இந்த வியாபாரம் நேற்று இன்று தொடங்கியது அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த பிளினி, 'நாம் முத்தை எவ்வளவு மதிக்கிறோமோ அவ்வளவு இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள்' என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார். முசிறித் துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்குகளில் பவளமும் ஒன்று. நம் சங்கப் புலவர்கள் பவளத்தைத் துகிர் என்றார்கள். பொன்னும் துகிரும் முத்தும் மணியும் வெவ்வேறு தூர தேசத்தில் பிறந்தாலும் ஒரே நகையில் வந்து சேர்கின்றன என்ற பொருளில் புறநானூற்றில் கண்ணகனார் பாடியிருக்கிறார். எங்கோ பிறந்த பவளம் இங்கே தாலியோடு சேர்வதை அன்றே கவனித்திருக்கிறார்கள், பாருங்கள்!

இந்தச் செம்பவளப் பிராணி வெளிச்சம் குறைந்த இடத்தில், கடலடிக் குகைகளிலும் ஆழமான பாறை இடுக்குகளிலும் வாழ்கிறது. தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போதே சுண்ணாம்போடு ஒரு சிவப்பு வர்ணப் பொருளையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. அந்த வர்ணம் கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது.

கரோட்டினாய்டு என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் சமையலறையில் தினமும் புழங்குகிற சங்கதிதான். கேரட்டின் ஆரஞ்சு, பப்பாளியின் மஞ்சள், தக்காளியின் சிவப்பு, முட்டைக்கருவின் நிறம் எல்லாம் இந்தக் குடும்பம். இறாலைக் கொதிக்க வைத்ததும் சிவந்துபோகிறதே, அதுவும் இதன் வேலைதான். விடியற்காலையில் வாசலில் உதிர்ந்து கிடக்கும் பவளமல்லிப் பூவின் காம்பை நசுக்கினால் விரலில் ஆரஞ்சு நிறம் ஒட்டுகிறது அல்லவா? அதுவும் கரோட்டினாய்டே. பூவுக்குப் பெயர் வைத்தவர்கள் காம்பின் நிறத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள். வர்ணக் குடும்பமும் ஒன்றாக அமைந்துவிட்டது!

இந்தச் சிவப்புச் சுண்ணாம்போடு சுண்ணாம்பாக உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கிறது. அதனால்தான் பிராணி செத்த பிறகும், கிளையை அறுத்து, உருட்டி, துளை போட்டு, மெருகேற்றிய பிறகும் நிறம் அப்படியே நிற்கிறது. நூலில் ஏறிய கெட்டிச் சாயம்!

ஆனால் நெருப்பில் போட்டால்? நம் சித்த வைத்தியர்கள் இதற்குக் கண்கூடான சாட்சி வைத்திருக்கிறார்கள். பவளத்தைப் புடம் போட்டு எடுக்கும் பவள பற்பம் சிவப்பாகவா இருக்கிறது? வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கரோட்டினாய்டு எரிந்துவிட்டது, சுண்ணாம்பு மட்டும் மிஞ்சியது. பவளத்தின் சிவப்பு உயிர்ப்பொருள் தந்த சிவப்பு என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் வேண்டுமா?

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். செம்பவளக் கிளை ஒரு மில்லிமீட்டர் பருமனாவதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மணி ஒன்று கழுத்தில் இருக்கிறதென்றால், கடலுக்கடியில் அது சுமார் இருபது வருஷம் வளர்ந்தது என்று அர்த்தம். ஒரு பெண் பிறந்து கல்யாணத்துக்கு நிற்கிற காலம்!

ராமேசுவரத்துப் பவளம் வேறு

இனி நம் கடலுக்கு வருவோம். ராமேசுவரம் தீவிலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. குருசடைத் தீவு, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று அழகழகான பெயர்கள். அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் தமிழ்நாட்டின் பவளப்பாறைகள் உள்ளன. 1986-ல் இது கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சி. எஸ். கோபிநாத பிள்ளை அதே 1986-ல் இந்தப் பக்கத்துப் பவளங்களை 94 இனமாகப் பட்டியலிட்டார். பிறகு தூத்துக்குடி ஆய்வாளர்கள் எடுத்த கணக்கில் அது 117 ஆனது.

சேலத்துக்காரர்கள் ராமேசுவரம் போனால் தனுஷ்கோடியையும் எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1964 புயலில் அழிந்த அந்த ஊரில் இடிந்த மாதா கோயில் ஒன்று நிற்கிறது. அடுத்த தடவை போகும்போது அதன் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கல்லில் நெருக்கமாகப் பூப்போட்ட மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பவளப் பூச்சி குடியிருந்த அறை! ஆனால் நிறம்? வெறும் சாம்பல் வெள்ளை. பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. உயிரோடிருந்தபோது வர்ணமாக இருந்த பவளம்தான் அது. அந்த வர்ணம் கல்லில் இல்லவே இல்லை.

பின்னே எங்கே இருந்தது? கல்லுக்கு மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சதையில். அந்தச் சதை கண்ணாடி போல ஊடுருவித் தெரியக்கூடியது. அதற்குள்ளே குடியிருப்பவர்கள்தான் முக்கால்வாசி நிறத்தைத் தருகிறார்கள்.

வாடகைக்கு வந்த பாசி

அந்தக் குடித்தனக்காரர் யார் தெரியுமா? ஒற்றை உயிரணு கொண்ட ஒரு நுண்பாசி. ஸூஸாந்தெல்லே என்று வாய்க்குள் நுழையாத பெயர். மேட்டூர் அணைத் தண்ணீரில் சில வருஷம் பச்சையாகப் படர்ந்து நாற்றமடிக்கிறதே, பாசி என்றால் நமக்கு அதுதான் ஞாபகம் வரும். இந்தப் பாசி அப்படி ஊரைக் கெடுப்பது இல்லை. பவளத்தின் சதைக்குள் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் பத்து லட்சம் கணக்கில் குடியிருக்கும்; கண்ணுக்குத் தெரியாது.

இவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். பாசி, சூரிய வெளிச்சத்தில் சமையல் செய்கிறது. தனக்கு வேண்டியது போக மிச்சத்தைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு வரை இப்படிக் கிடைத்துவிடுகிறது. பதிலுக்குப் பவளம், இருக்க இடமும் தன் உடம்புக் கழிவிலிருந்து உரமும் கொடுக்கிறது. வீட்டுக்காரருக்கே குடித்தனக்காரர் சோறு போடும் வீடு!

இந்தப் பாசியின் நிறம் பொன்பழுப்பு. அதனால்தான் பெரும்பாலான பவளப்பாறைகள் பழுப்பாக, தேன் நிறமாக, ஆலிவ் பச்சையாக இருக்கின்றன. பாசி நெருக்கமாக இருந்தால் கரும்பழுப்பு, குறைவாக இருந்தால் வெளிர் மஞ்சள். மான்கொம்பு மாதிரி கிளைத்த பவளத்தில் நுனி மட்டும் வெளுத்தோ நீலமாகவோ தெரியும். அது புதிதாக வளர்கிற தளிர். அங்கே பாசி இன்னும் போதுமான அளவு குடியேறவில்லை.

சரி, பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று பளிச்சிடுகிறதே, அது? அது பவளமே தயாரித்துக்கொள்ளும் சொந்தச் சாயம். ஒரு வகைப் புரதம். 1962-ல் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஒரு சொறிமீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1999-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் பவளங்களிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த, சிவப்பாகக்கூட ஒளிரும் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். ஷிமோமுராவுக்கும் இன்னும் இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய் உயிரணு உடம்பில் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சிக் கூடங்களில் பின்தொடர்ந்து பார்க்க இன்று இந்த ஒளிரும் புரதங்கள்தான் விளக்குப் பிடிக்கின்றன. பவளத்தின் அழகு பெண்களின் கழுத்தோடு நிற்கவில்லை!

பவளத்துக்கு இந்தச் சாயம் எதற்கு? ஆழம் குறைந்த இடத்தில் உச்சி வெயில் சுள்ளென்று இறங்கும். அப்போது இது குடையாக நின்று பாசியைக் காக்கிறது. வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வேலை நேர்மாறு. அங்கே நீல வெளிச்சம் மட்டும்தான் இறங்குகிறது. அதை வாங்கி ஆரஞ்சு வெளிச்சமாக மாற்றிப் பாசிக்குக் கொடுக்கிறது. இடத்துக்கு ஏற்றபடி வெயிலுக்குக் குடை, இருட்டுக்கு விளக்கு! ஒரே இனப் பவளம் ஓரிடத்தில் பழுப்பாகவும் பத்தடி தள்ளி ஊதாவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

விதிவிலக்கும் உண்டு. லட்சத்தீவுக் கடலில் கிடைக்கும் நீலப் பவளத்துக்குக் கல்லே நீலம். அதுவும் நகைப் பவளம் மாதிரி, செத்தாலும் நிறம் மாறாத ஜாதி.

வெளுத்துப் போனால் காய்ச்சல்

வீட்டில் குழந்தை முகம் வெளுத்திருந்தால் நாம் என்ன நினைப்போம்? 'உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது' என்று உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். பவளத்துக்கும் அப்படியே.

கோடையில் வழக்கமாக ஏறும் சூட்டைவிடக் கடல் நீர் ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால் போதும். பாசியின் சமையல் தாறுமாறாகி, உணவுக்குப் பதில் நச்சுப் பொருளைக் கக்க ஆரம்பிக்கிறது. வேறு வழியில்லாமல் பவளம் குடித்தனக்காரரை வெளியே அனுப்பிவிடுகிறது. பாசி போனதும் சதை வெறும் கண்ணாடியாகிறது. அடியில் உள்ள வெள்ளை எலும்பு அப்படியே தெரிகிறது. இதைத்தான் பவளம் வெளிறுதல் என்கிறார்கள்.

வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அது பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும், சில மாதங்களில் நிறமும் திரும்பும். சூடு நீடித்தால் பட்டினியால் செத்துப்போகும். சில சமயம் வெளுக்கும் பவளம் திடீரென்று கண்ணைப் பறிக்கும் ஊதாவும் மஞ்சளுமாக ஜொலிப்பதுண்டு. பாசியை இழந்த பவளம் வெயிலுக்குக் குடை பிடிக்கத் தன் சொந்தச் சாயத்தை அவசரமாக அதிகப்படுத்துகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020-ல் விளக்கினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது காய்ச்சலில் கன்னம் சிவந்த அழகு!

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள்தான் கண்டம். கடல் நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கோடைகளில் வெளிறல் தொடங்குகிறது. 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் கடுமையான வெளிறல். 2016-க்கு முன் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைப் பரப்பில் உயிருள்ள பவளம் சுமார் 39 சதவீதம் இருந்தது. அந்தக் கோடை முடிந்தபோது சுமார் 23 சதவீதமாகிவிட்டது. 2024-ல் உலகம் முழுவதும் பவளம் வெளுத்தது; நம் லட்சத்தீவிலும் பலமான பாதிப்பு.

பவளம் செத்தால் எடப்பாடிக்கு என்ன என்று கேட்கலாம். பவளப்பாறை மீன்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி. அங்கே பிறந்து வளர்ந்த மீன்தான் பெரிசாகி வலைக்கு வருகிறது. ஐஸ் பெட்டியில் ஏறி நம் சந்தைக்கு வரும் கடல் மீனின் விலையும் அதோடு சம்பந்தப்பட்டது. கரைக்கு அலை மோதாமல் தடுக்கும் மதிற்சுவரும் அதுதான்.

சுண்ணாம்புக்காக வெட்டிய காலம்

சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கையாலேயே நாம் செய்த கெடுதல் இன்னொன்று. சுண்ணாம்புக் காளவாய்க்கும், சிமெண்டு, கார்பைடு ஆலைகளுக்கும், வீடு கட்டவும் இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளக் கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் எடுத்ததாகச் சொல்லியது. மதிற்சுவர் போனால் வீடு நிற்குமா? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே மூழ்கிப் போயின.

2001-ல் பாறைப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், புலிக்குச் சமமான பாதுகாப்பு உள்ள பட்டியலில் சேர்க்கப்பட்டன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். இன்று பலர் பவளத்தைத் திரும்ப வளர்க்கிறார்கள் என்பது ஆறுதலான செய்தி. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், உடைந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் சட்டங்களில் கட்டி, நாற்று நடுவது போல நட்டு வருகிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015-லிருந்து செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுத்தார்கள்.

பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். பவளத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் பிழைப்பு. பாறையை உடைக்காமல், பாசியை ஒட்ட அறுக்காமல், நாள் வகுத்துக்கொண்டு எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' பரிசு கிடைத்தது. படிப்பால் அல்ல, தினம் தண்ணீருக்குள் கண்ணால் பார்த்த அனுபவத்தால் வந்த ஞானம் அது.

வாங்கும்போதும் அணியும்போதும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நிறத்தின் ரகசியம் தெரிந்துவிட்டதால் சில யோசனைகள் எளிதாகப் புரியும்.

1. சந்தையில் வெள்ளைப் பவளத்துக்கும் மட்டமான ரகங்களுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றி விற்பது சகஜம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும்கூடப் பவளமாக நடிக்கும். எல்லா மணியும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறம், ஒரே அளவு, விலையும் மலிவு என்றால் சந்தேகப்படுங்கள்.

2. துளையை உற்றுப் பாருங்கள். சாயம் ஏற்றிய மணியில் துளையின் ஓரத்திலும் வெடிப்பிலும் நிறம் திட்டுத் திட்டாகத் தேங்கியிருக்கும். பூதக்கண்ணாடியில் நல்ல பவளத்தில் மரத்தின் ரேகை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். கண்ணாடி மணியில் காற்றுக் குமிழி தெரியும்.

3. நக பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு மணியின் பின்பக்கம் லேசாகத் துடைத்தால், போலிச் சாயம் பஞ்சில் ஒட்டும். இதைக் கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள். செவ்வாய்க்கு மோதிரம் போட வேண்டும் என்று பெரிய தொகை கொடுத்து வாங்குபவர்கள் ரத்தினப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்குவது நல்லது.

4. எலுமிச்சம்பழச் சாறு விட்டுச் சோதிப்பது வேண்டவே வேண்டாம். பவளம் சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் பொங்கிக் கரையும். நல்ல பவளம் என்று தெரிந்துகொள்வதற்குள் மெருகு போய்விடும்! அதே காரணத்துக்காகப் புளி, வினிகர் போட்டு நகையைத் தேய்க்கும்போது பவளத்தைக் கழற்றி வையுங்கள்.

5. பல்பொடி, சாம்பல், பிரஷ் எதுவும் கூடாது. பவளம் மிருதுவானது, கீறல் விழும். லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுங்கள். துணி வெளுக்கும் பவுடர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

6. வியர்வையிலும் சிறிது புளிப்புத் தன்மை உண்டு. சித்திரை வெயிலில் தறி மேடையில் உட்கார்ந்து எழுந்தால், இரவு ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சென்ட், பவுடர் எல்லாம் போட்ட பிறகு கடைசியாகப் பவளத்தை அணியுங்கள். கோத்த சரடு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றப்படட்டும்.

7. பழைய பவளத்தை வீட்டில் இடித்துப் பொடி செய்து மருந்தென்று சாப்பிடுவது ஆபத்து. பவள பற்பம் தேர்ந்த சித்த மருத்துவர் தயாரித்து, அளவு சொல்லிக் கொடுக்க வேண்டியது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. கடையில் விற்ற மணி சாயம் ஏற்றியதாக இருந்தால் அந்தச் சாயமும் சேர்ந்தல்லவா உள்ளே போகும்?

8. கடற்கரை ஊர்களில் ஷோகேஸில் வைக்க வெள்ளைப் பவளக் கொத்தையோ, அதற்குப் பச்சையும் ரோஸும் பெயிண்ட் அடித்ததையோ யாராவது நீட்டினால் கை நீட்டாதீர்கள். வாங்குகிறவரும் சட்டப்படி குற்றவாளி. உயிரோடு இருந்தபோது அதற்கு இருந்த வர்ணத்தை எந்தப் பெயிண்டாலும் கொடுக்க முடியாது.

பிள்ளைகளை ராமேசுவரம் அழைத்துப் போகிறவர்கள், கோயிலோடும் பாலத்தோடும் திரும்பிவிடாமல், கடலுக்கடியில் இப்படி ஒரு குடித்தனம் நடப்பதையும் சொல்லிக் கொடுங்கள். தனுஷ்கோடிச் சுவரில் ஒரு குழியைக் காட்டி, "இங்கே ஒரு உசுரு இருந்துச்சு கண்ணு, அதுக்குச் சோறு போட்டவன்தான் அதுக்கு நெறமும் குடுத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பள்ளிப் பாடத்தில் மறந்தாலும் அது மறக்காது.